காரவள்ளி வரைக்கும் லோகு வந்தான்

ஜூன் 3, சனி

நாற்பத்து நான்கு வயதில் எனக்கு ஒரு கார். எழுதிப் பார்த்தால்தான் நம்ப முடிகிறது.

உரிமம் கைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. ஓட்டக் கற்றுக்கொடுத்த ரேவதியம்மா, "தினம் என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு எழுதி வைங்க டீச்சர், தானா கொறஞ்சிரும்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

நாமக்கல்லில் தங்கராசுவின் கார் கன்சல்டிங்கில் வாங்கினேன். தங்கராசு என் தம்பி லோகுவின் மனைவி பிரேமாவுக்கு அண்ணன். பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். வரிசையில் நின்ற எட்டு வண்டிகளில் ஒரு சிவப்பு வண்டிதான் என்னால் முடிகிற விலையில் இருந்தது. பெயின்ட் அப்படி மின்னியது.

"ஒரே ஓனருங்க டீச்சர். கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓட்டுனது" என்றார் தங்கராசு.

லோகு என் முழங்கையைத் தொட்டான். "அக்கா, அந்த வெள்ளையப் பாரேன்."

"அது நமக்குக் கட்டுப்படியாகாதுடா."

"அப்ப கொஞ்ச நாள் பொறுக்கலாமில்ல?"

தங்கராசு சிரித்தார். "ஏன் மாப்ள, நம்ம வண்டி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அதற்குப் பிறகு லோகு பேசவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பும்போது அவனை என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பைக் நிற்கிறது, பின்னால் வருகிறேன் என்றான். சேந்தமங்கலத்தில் என் வீட்டு வாசல்வரை பின்னால் வந்தான்.

இன்றைய தப்பு: மூன்று முறை வண்டி நின்றுபோனது. கை பிரேக்கை எடுக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

லோகுவின் பிள்ளைகள் இரண்டையும் மோகனூர் ஆற்றுக்குக் கூட்டிப்போகலாம் என்று போன் செய்தேன். இரண்டு பேருக்கும் காய்ச்சலாம். நான் மட்டும் புதன்சந்தைவரை போய் வந்தேன்.

தப்பு: வளைவில் இண்டிகேட்டர் போட மறந்தது, நான்கு முறை.

ஜூன் 12, திங்கள்

பள்ளி திறந்தது. முதன்முறையாக மலைக்கு ஓட்டிப் போனேன்.

மூன்று வருடமாக நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி கொல்லிமலை மேல் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். அதற்காகத்தான் இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு வாசலில் லோகு பைக்கோடு நின்றான். நாமக்கல்லில் லாரி பட்டறையில் வெல்டர் அவன். பட்டறை இருப்பது எதிர்த்திசையில்.

"வேலைக்குப் போகலையா?"

"போலாம். நீ புதுசா ஓட்டற. காரவள்ளி வரைக்கும் பின்னாடி வர்றேன்."

வந்தான். அடிவாரத்தில் சோதனைச் சாவடி பக்கம் பைக்கை நிறுத்தி, நான் முதல் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா போனபோது அவனுக்குப் பதிமூன்று வயது. நான்தான் வளர்த்தேன். அந்தக் கடனை இப்படித் தீர்க்கிறான் போல என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி கொஞ்சம் அழுதும்விட்டேன்.

தப்பு: பதினேழாம் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. அழுதுகொண்டு ஓட்டக் கூடாது.

ஜூன் 15, வியாழன்

ஹேமலதா டீச்சரை இன்றுமுதல் ஏற்றிக்கொள்கிறேன். தமிழ் எடுப்பவள், முப்பது வயது, ஐந்தாம் மாதம். காளப்பநாயக்கன்பட்டியில் ஏறுகிறாள். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை.

பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் குமட்டல் இல்லையாம். "உங்க புண்ணியத்துல இன்னைக்குத்தான் டீச்சர் காலைச் சாப்பாடு வயித்துல நிக்குது" என்றாள்.

பின்கதவைச் சாத்தும்போது லேசாகத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது. பழைய வண்டி என்றால் இப்படித்தான்.

ஜூன் 18, ஞாயிறு

லோகு வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் என்னவோ பார்த்தான். சாப்பிடக் கூப்பிட்டேன். பசி இல்லை என்றான்.

"வண்டிக்கு எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுக்கா. மாதேஸ் அண்ணங்கிட்ட எல்லாம் கொண்டு போகாத."

மாதேஸ்வரன் எங்கள் ஊர் டிங்கர், அடிபட்ட கார்களின் பாடியை நிமிர்த்துகிறவர். லோகு சின்ன வயதில் வேலை பழகியதே அவரிடம்தான். இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

மழை. பின்சீட்டுக் கால்வைக்கும் இடத்தில் தண்ணீர். ஹேமா செருப்பைக் கழற்றிக் காலை மேலே வைத்துக்கொண்டாள்.

லோகு இன்றும் காரவள்ளி வரைக்கும் வந்தான், நனைந்துகொண்டே. காரில் ஏறச் சொன்னால் கேட்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

காரை வாசலில் நிறுத்திவிட்டு உடனே எழுதுகிறேன்.

மாலை இறங்கும்போது நாற்பத்து மூன்றாம் வளைவில் 'படார்' என்று ஒரு சத்தம். முன் கண்ணாடி மேலிருந்து கீழே ஒரே கோடாக விரிந்தது. கல் விழவில்லை. எதிரே வண்டி வரவில்லை. எந்தப் பக்கமும் யாரும் இல்லை. வண்டியை ஓரம் கட்டினேன். ஹேமா பின்னாலிருந்து, "என்ன டீச்சர், என்ன" என்று என் தோளைப் பிடித்தாள். அவளது இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

விரிசல் வழியாகப் பார்த்துப் பார்த்து மீதி வளைவுகளை இறங்கினேன்.

லோகுவுக்குப் போன் செய்தேன். சங்ககிரியில் லாரி வேலையாம், திங்கள்தான் வருவானாம். "எங்கியும் கொண்டு போகாத, நான் வந்து பாக்கறேன்" என்றான். வெறும் கண்ணாடிக்கு எதற்கு இத்தனை பதற்றம்.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் நாமக்கல்லில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அந்த ஆள் அளவெடுத்துவிட்டு, "கண்ணாடி போட்டாலும் நிக்காதுங்க. பாடி இழுக்குது. நல்ல டிங்கராப் பாருங்க" என்றார். எனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவர்தான். மாதேஸ்வரன் பட்டறைக்குப் போனபோது மணி பன்னிரண்டு.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவோரத் தூணில் வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. "இரும்பு இருக்க வேண்டிய எடத்துல பட்டி பூசி அடைச்சிருக்கு" என்றார். சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. முன்சீட்டுகளைக் கழற்றி, கீழே விரித்திருந்த ஈரக் கம்பளத்தை உரித்தார்.

தரையின் குறுக்கே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, ஒரு தழும்பு.

"டீச்சரம்மா, இது ஒரு வண்டி இல்லீங்க. ரெண்டு."

எனக்குப் புரியவில்லை.

"முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறொரு வண்டி. ரெண்டும் ஆக்சிடன்ட் ஆனது. ஒண்ணு பின்னாடி நசுங்கியிருக்கும், இன்னொண்ணு முன்னாடி நசுங்கியிருக்கும். நல்லா இருந்த பாதிகளை வெட்டி எடுத்து நடுவுல ஒட்டியிருக்காங்க."

பின்சீட்டைத் தூக்கினார். அடியில் அரிசி அரிசியாக உடைந்த கண்ணாடி. ஹேமா தினமும் உட்காருகிற இடம்.

"அந்த வண்டில முன்னாடி உக்காந்திருந்தவங்க?" என்று கேட்டேன். அவர் சீட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓடுமா?"

"ஓடும். இத்தன நாள் ஓடலையா. ஆனா தினம் மலை ஏறி எறங்கறதுல ஒட்டு விட ஆரம்பிச்சிருச்சு. இங்க பாருங்க, நகம் போற அளவுக்கு. எங்கியாச்சும் நல்லா ஒரு அடி பட்டா, நீங்க ஒரு பக்கம், பின்னாடி உக்காந்திருக்கறவங்க ஒரு பக்கம்."

நான் தரையில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் குனிந்து தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல கை. இது வேற யாராச்சும் பண்ணியிருந்தா பத்தாம் நாளே பொளந்திருக்கும். நம்ம பட்டறைல பழகுன கை மாதிரி இருக்கு" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

எதற்கு அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை. அவரிடம் எத்தனையோ பேர் வேலை பழகியிருப்பார்கள்.

சீட்டுகளைத் திரும்ப மாட்டச் சொல்லி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வாசலில் நிறுத்திவிட்டு இறங்கவே பயமாக இருந்தது. மதியம் சமைக்கவில்லை.

ஜூலை 10, திங்கள், காலை

இன்று முதன்மைக் கல்வி அலுவலர் பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறார். எட்டரைக்குள் இருந்தாக வேண்டும். ஆறு மணி பஸ் போய்விட்டது, அடுத்ததில் போனால் நேரமாகிவிடும். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. ஓடும் என்று மாதேஸ்வரனே சொன்னார். ஒரு நாள்தானே.

ஜூலை 10, திங்கள், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

ஹேமா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில். எனக்காக ஒரு டப்பாவில் பணியாரம். வண்டியை நிறுத்தினேன். பின்கதவைத் தூக்கித் திறந்து ஏறினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபதிலேயே ஓட்டினேன். "என்ன டீச்சர், இன்னைக்கு மாட்டு வண்டி மாதிரி போறோம்" என்று சிரித்தாள்.

காரவள்ளியில் சாலைக்குக் குறுக்கே ஒரு பைக் நின்றது. அதன் பக்கத்தில் லோகு. சங்ககிரியில் இருக்க வேண்டியவன். சட்டை கசங்கி, முகம் வீங்கியிருந்தது. என் பக்கக் கதவுக்கு வந்து, சாவியைத் திருகிப் பிடுங்கினான்.

"எறங்குக்கா."

"என்னடா இது, ஆய்வு இருக்குது."

"எறங்கு. அந்த அம்மாவையும் எறங்கச் சொல்லு."

பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். சாவடியிலிருந்து வனக்காவலர் எட்டிப் பார்த்தார். லோகு அதையெல்லாம் கவனிக்கவில்லை. பின் ஜன்னலைப் பார்த்து, ஹேமாவிடம் சொன்னான்.

"அம்மா, இது ஒட்டு வண்டிங்க. நான்தான் ஒட்டுனேன். எங்க மச்சான் ஷெட்டுல, மார்ச் மாசம், மூணு ஞாயித்துக்கிழமை. இதுல மலையேறாதீங்க."

நேற்று மாதேஸ்வரன் என்னை அப்படிப் பார்த்தபோதே தெரியும் என்று இப்போது எழுதலாம். நேற்று எழுதவில்லை.

"யாரோ வாங்கிட்டு எங்கியோ போயிரும்னு நெனச்சேங்க்கா. நீ வந்து அதையே காட்டுவேன்னு நெனைக்கல. மச்சான் முன்னாடி வாய் வரல" என்றான்.

"யாரோன்னா பரவால்லையா?"

அவன் தலையைக் குனிந்தான். பிறகு நிமிர்ந்தான். "பரவால்லைதான்னு நெனச்சேன். சரி. உனக்கு நேத்தே தெரியுமில்ல? மாதேஸ் அண்ணன் போன் பண்ணிக் காறித் துப்பாத கொறையாப் பேசுனாரு. விடியறதுக்குள்ள கெளம்பி வந்தேன். நீ பஸ்ஸுல போயிருப்பேன்னு நெனச்சேன், இருந்தாலும் மனசு கேக்காம இங்க வந்து நின்னேன். நீ தெரிஞ்சே இவங்கள ஏத்திட்டு வர்ற."

நான் கண்ணாடியில் பார்த்தேன். ஹேமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். கணக்கில் தவறான விடையைப் பார்க்கிற பிள்ளைகள் போல, எங்கே பிசகியது என்று தேடுகிற முகம்.

கதவைத் திறக்க முயன்றாள். திறக்கவில்லை. லோகு கை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றாள்.

தானே தூக்கித் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினாள். பணியார டப்பா பின்சீட்டிலேயே இருந்தது.

லோகுவும் நானும் சாவடி ஓரத்துக் கல்லில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆய்வுக்கு நான் போகவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "நான் ஆத்துக்குக் கூப்பிட்டப்ப உம் பிள்ளைங்களுக்கு நெசமாவே காய்ச்சலா?"

இல்லை என்று தலையாட்டினான்.

ஜூலை 11, செவ்வாய்

தங்கராசு பழக்கூடையோடு வந்தார். செருப்பைக் கழற்றி, பவ்யமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பெரிசு பண்ணாதீங்க டீச்சர். வண்டியக் குடுத்துருங்க. அந்த வெள்ளை வண்டிய எடுத்துக்கங்க, ஒரு ரூபாய் சேத்துத் தர வேண்டாம்."

"இதை என்ன பண்ணுவீங்க?"

"அது எங்க பாடுங்க. வேற ஸ்டேட்டுக்குப் போயிரும். உங்க கண்ணுல படாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அரை மணி நேரம் வெள்ளை வண்டியைப் பற்றித்தான் யோசித்தேன். அதில் மலையேறுவது போலக்கூட நினைத்துப் பார்த்தேன். பிறகு பழக்கூடையை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

ஜூலை 12, புதன்

பஸ்ஸில் போனேன். ஹேமா முன்சீட்டில். நான் பின்னால் நின்றுகொண்டு. ஓட்டுநர் வளைவுக்கு வளைவு திருப்ப, அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். போய் முதுகைத் தடவ வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

ஜூலை 14, வெள்ளி

லோகு வந்தான். பிரேமாவும் பின்னாலேயே வந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க. இவரு போலீஸ்ல போய்ச் சொன்னா எங்கண்ணன் ஒரு பக்கம் உள்ள போகும், இவரு ஒரு பக்கம் போவாரு. ரெண்டு பிள்ளைங்கள வெச்சுட்டு நான் யாரப் பாக்கறது?"

லோகுதான் பேசினான். எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

"இது ஒண்ணு மட்டும் இல்ல. இன்னும் ரெண்டு பண்ணிக் குடுத்திருக்கேன். ஒண்ணு ராசிபுரம் போச்சு. ஒண்ணு தொறையூரு. தொறையூர்ல அந்த ஆளு காலைல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள ஏத்தறானாம்."

பிரேமா அழுகையை நிறுத்தினாள். இது அவளுக்கும் தெரியாது என்று அப்போது தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள். "எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

"தெரியல."

"போயிட்டு வாங்க" என்றாள்.

நானும் கூடப் போனேன். புகாரை நான் எழுதினேன். லோகு தன் பங்கைச் சொன்னான். எழுத்தர், "தம்பி, நீ சொல்லச் சொல்ல உம் மேலயும்தான் கேஸ் ஆகுது, தெரியுதா?" என்று இரண்டு முறை கேட்டார். தெரியும் என்றான். வண்டிகளின் அடையாளத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான். எந்த இடத்தில் வெட்டினான், எங்கே கம்பி கொடுத்துப் பற்றவைத்தான், எல்லாம்.

ஜூலை 16, ஞாயிறு

துறையூர் வண்டியைப் பிடித்துவிட்டார்கள். ஏழு பிள்ளைகள்.

ஜூலை 23, ஞாயிறு

தங்கராசுவை ஈரோட்டில் வைத்துப் பிடித்தார்களாம். லோகு ஜாமீனுக்குக் காத்திருக்கிறான். மாலையில் பிள்ளைகளை நான் டியூஷனுக்கு நடத்திக் கூட்டிப்போகிறேன். சின்னவன் சிவப்புக் கார் எங்கே என்று கேட்கிறான். காவல் நிலைய வேப்பமரத்தடியில் நிற்கிறது என்று சொன்னேன்.

இந்தப் பதிமூன்று நாளில் லோகுவை மனதுக்குள் எத்தனையோ முறை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் அதே பதிலைத் திருப்பிச் சொல்கிறான்: நீயும்தானேக்கா.

ஆகஸ்ட் 4, வெள்ளி

உணவு இடைவேளையில் ஹேமா ஆசிரியர் அறைக்கு வந்தாள். இருபத்தைந்து நாள் கழித்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. நாற்காலியை நகர்த்தினேன். உட்காரவில்லை.

"போலீஸ்ல எழுதித் தரச் சொன்னாங்க டீச்சர். எழுதிட்டேன். படிச்சுப் பாருங்க."

தமிழ் டீச்சரின் முத்து முத்தான கையெழுத்து. எல்லாம் இருந்தது. ஏறிய நாள், கண்ணாடி வெடித்தது, காரவள்ளி. நடுவில் ஒரு வரி மட்டும் பாதியில் நின்றது. 'வண்டியின் நிலை வளர்மதி டீச்சருக்குத் தெரியவந்தது' என்று எழுதி, நாளுக்கு இடம் விட்டிருந்தாள்.

"உங்க தம்பி சொன்னத மட்டும் வெச்சு எழுதக் கூடாதுன்னு விட்டுட்டேன். நீங்களே எழுதுங்க. என்ன எழுதுனாலும் அப்படியே குடுத்தர்றேன்" என்றாள்.

என்ன எழுதினாலும். அந்தச் சொல்லைக் கேட்டதும், பத்தாம் தேதி காலை என்று எழுத முடியும் என்று தோன்றியது. அடிவாரத்தில்தான் தெரிந்தது என்று. அவள் கொடுத்துவிடுவாள். எனக்காகக் கொடுப்பாள்.

பேனாவை எடுத்தேன். 'ஜூலை ஒன்பது, ஞாயிறு மதியம்' என்று எழுதினேன்.

அவள் குனிந்து படித்தாள்.

"மதியம்" என்றாள்.

"ஆமா."

"அன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்கு நான் போன் பண்ணுனேன் டீச்சர்."

"ஆமா."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் அந்தப் போன் இல்லை. சமைக்காதது வரைக்கும் எழுதியவள் அதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. இப்போது எழுதிவிட்டேன்:

ஜூலை 9, ஞாயிறு, மாலை ஐந்தே முக்கால். ஹேமா போன் செய்தாள். கண்ணாடி உடைந்திருக்கிறதே, நாளைக்கு வண்டி வருமா, இல்லை பஸ்ஸுக்குப் போகட்டுமா என்று கேட்டாள். எல்லாம் பார்த்தாகிவிட்டது, வருகிறேன் என்றேன்.